வாங்காத சாக்ஸபோன்

கோவில்பட்டி மெயின் ரோட்டில் மிக்ஸி, கிரைண்டர், குக்கர் விற்கிற தவசிலிங்கம் அண்ணாச்சி ஒரு பொய் சொன்னார். அந்தப் பொய்யால்தான் அவருக்கு ஒரு குரு கிடைத்தார்.

பொய் சொன்ன இடம், மகள் மேகலாவின் நிச்சயதார்த்தப் பந்தி. மாப்பிள்ளையின் அப்பா தனுஷ்கோடி சிவகாசிக்காரர். காலண்டர் அச்சகம் வைத்திருந்தார். வாய் நிறையப் பேச்சு, மைக்கைக் கண்டால் பாட்டு. அன்றைக்கும் இலையில் பாயசம் விழுவதற்குள் எழுந்து போய்ப் பாடிவிட்டு வந்து, பக்கத்தில் இருந்த தவசிலிங்கத்தின் தொடையில் தட்டினார்.

"கல்யாண ரிசப்ஷன்ல நம்ம கச்சேரி உண்டு சம்பந்தி. உங்களுக்கு என்ன வரும்?"

தவசிலிங்கத்துக்கு வியாபாரம் வரும். வேறெதுவும் வராது. ஆனால் சுற்றிலும் மாப்பிள்ளை வீட்டு முகங்கள். எல்லாம் அவரையே பார்த்தன. மண்டபத்து மேடையில் ஒரு பெண்மணி சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தார்.

"சாக்ஸபோன்" என்றார் தவசிலிங்கம்.

"அட! வாசிப்பீங்களா?"

"ஏதோ, கொஞ்சம்."

எதிர்ப் பந்தியில் இருந்த மேகலா கையிலிருந்த அப்பளத்தை நொறுக்கியபடி அப்பாவைப் பார்த்தாள். மனைவி ராஜகனிக்குப் புரையேறியது.

மறுநாளே மாப்பிள்ளை போன் செய்தான். உங்க அப்பா இவ்வளவு பெரிய கலைஞர்னு நீ சொல்லவே இல்லையே என்று மேகலாவிடம் குறைப்பட்டுக்கொண்டான். தனுஷ்கோடி சிவகாசி முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். நிச்சயம் நடந்தது ஆனியில். கல்யாணம் தையில்.

"எப்படிப்பா?" என்றாள் மேகலா.

"கத்துக்கிட்டாப் போச்சு" என்றார் தவசிலிங்கம். "முதல்ல நல்லதா ஒண்ணு வாங்கணும்."

மண்டபத்தில் வாசித்த அந்தப் பெண்மணியின் பெயர் சொர்ணவல்லி. மருந்துக்கடை மாடியில், ஜமுக்காளம் விரித்த ஓர் அறையில் வகுப்பு எடுத்தார். தவசிலிங்கத்தின் கடைசித் தங்கையைவிட இளையவர். சபாக்களிலும் கோயில் விழாக்களிலும் வாசித்துப் பேர் வாங்கியவர். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் டீச்சர். அதிகம் பேசமாட்டார். அவரிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தவர்கள், பதில் வந்து போனதைக் கவனிக்காமல் விட்டதும் உண்டு.

தவசிலிங்கம் பொய்யை மறைக்காமல் சொன்னார். பிறகு கேட்டார்.

"எந்தக் கம்பெனி சாக்ஸபோன் வாங்கலாம் டீச்சர்?"

சொர்ணவல்லி அலமாரியைத் திறந்து, கருப்பாக, விரல் நீளத்தில் ஒரு சாமானை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். சாக்ஸபோனில் வாய் வைத்து ஊதும் பகுதி அது. நாணலைச் சீவிச் செய்த மெல்லிய ரீட் ஒன்று அதில் பொருத்தியிருந்தது.

"ஊதுங்க."

தவசிலிங்கம் அதைத் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் திருப்பினார்.

"என்ன தேடுறீங்க?"

"பேரு. யாரு செஞ்சதுன்னு போட்டிருப்பாங்கல்ல?"

"ஊதுங்க அண்ணாச்சி."

ஊதினார். வெறும் காற்று வந்தது. இன்னும் அழுத்தி ஊதினார். கன்னம் உப்பியது, கண் சிவந்தது. சந்தையில் தாயைத் தொலைத்த ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"நல்லது" என்றார் சொர்ணவல்லி. "கொஞ்ச நாளைக்கு இதை மட்டும் ஊதுங்க."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"சொல்லிட்டேனே."

தவசிலிங்கம் படியிறங்கும்போது, டீச்சர் இன்னும் சொல்லவில்லை என்றே நினைத்துக்கொண்டார்.

வீட்டில் காலையும் மாலையும் ஊதினார். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "கோயிலுக்கு நேர்ந்துவிட்டதா? எப்போ வெட்டு?" என்று ராஜகனியிடம் விசாரித்தார்.

"அது எங்க வீட்டுக்காரரு" என்றாள் ராஜகனி.

சில வாரம் கழித்து, வகுப்பில் கிடந்த பழைய சாக்ஸபோன் ஒன்றைச் சொர்ணவல்லி அவரிடம் கொடுத்தார். வாய்விளிம்பு ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. புதிது வாங்கும் வரைக்கும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகட்டும் என்றார். தவசிலிங்கம் அதை விருந்தாளியை நடத்துவதுபோல நடத்தினார். மரியாதை உண்டு, பிரியம் இல்லை. அவர் மனசு வேறிடத்தில் இருந்தது.

வாழ்நாளெல்லாம் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று விற்றவர் அவர். கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்று வாங்கும் சுகம் இவ்வளவு இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. போனில் வீடியோ பார்த்தார். மதுரைக்கும் சென்னைக்கும் பேசினார். சாக்ஸபோன் வாங்குவோர் கூடிப் பேசும் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார். அங்கே வாசிப்பவர்கள் குறைவு, விசாரிப்பவர்கள் ஏராளம். ஜப்பானில் யமஹா, யானகிசாவா. பிரான்ஸில் செல்மர். தைவானில் ஜூபிடர். பித்தளை உடம்பா, வெண்கல உடம்பா? தங்க நிறப் பூச்சா, வெள்ளி முலாமா? ஒவ்வொன்றுக்கும் கட்சி கட்டி ஆட்கள் இருந்தார்கள். தவசிலிங்கம் தினமும் ஒரு கட்சிக்கு மாறினார்.

"ஒருவழியா முடிவாயிருச்சு. யமஹா" என்றார் ஒரு நாள் சாப்பிடும்போது.

"இந்த வயசுல பைக் எதுக்கு?" என்றாள் ராஜகனி.

"பைக் இல்ல. சாக்ஸபோன்."

"அதுலயும் போறாகளா?"

மறுநாள் காலை அவர் பிரான்ஸுக்கு மாறியிருந்தார்.

வகுப்பிலும் இதே பேச்சுதான். ஜமுக்காளத்தில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார்.

"ஜப்பானா, பிரான்ஸா டீச்சர்?"

"ஸ."

ஊதுவார்.

"தைவானும் பரவாயில்லைங்கிறாங்களே?"

"ரி."

ஊதுவார்.

"வெள்ளி முலாம் போட்டா சத்தமே மினுங்குமாமே?"

"அது க இல்ல அண்ணாச்சி. க இன்னும் கொஞ்சம் மேல இருக்கு."

ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. தவசிலிங்கத்துக்கு உலகத்துச் சாக்ஸபோன்கள் எல்லாம் தெரிந்திருந்தன. க மட்டும் இன்னும் கொஞ்சம் மேலேயே இருந்தது.

ஒரு நாள் மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரம், சொர்ணவல்லி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"ஒரு கிரைண்டர் பாக்கணும் அண்ணாச்சி."

தவசிலிங்கம் எழுந்தே நின்றுவிட்டார். டீச்சருக்கு நாற்காலி போட்டார். டீ சொன்னார். மேஜையில் வைக்கிற கிரைண்டர், சாய்த்து மாவெடுக்கிற கிரைண்டர், எல்லாவற்றையும் பெட்டியிலிருந்து எடுக்கச் சொன்னார்.

"இது எந்த ஊரு?" என்றார் சொர்ணவல்லி.

"கோயம்புத்தூர்."

"அது?"

"அதுவும்தான்."

"இதுல ரெண்டு கல்லு. அதுல மூணு. எது நைஸா அரைக்கும்?"

தவசிலிங்கம் விளக்கினார். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஓடவிடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இது ஸ்ருதியில நிக்குது. அது கொஞ்சம் தூக்கலா இருக்கு."

"மாவுக்கு ஸ்ருதி தேவையில்லை டீச்சர்."

"இருந்தாலும்." சொர்ணவல்லி எழுந்தார். "யோசிச்சுட்டு வாரேன்."

கடைக்காரர்களுக்கு இந்த இரண்டு சொல்லின் அர்த்தம் தெரியும். போகிறவர் திரும்பி வரமாட்டார். ஆனால் டீச்சர் மறுநாள் வந்தார். டிரம்முக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். வாரண்டி பற்றிக் கேட்டார். நேற்று பார்த்த நீலம் நன்றாக இருந்ததா, இன்று பார்க்கும் சிவப்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். அதற்கும் மறுநாள் வந்தார். அவர் ஸ்கூட்டரைக் கண்டதும் கடை ஆட்கள் குடோனுக்குள் போய்விட்டார்கள். பெட்டிகளைத் தவசிலிங்கமே இறக்கினார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"சென்னையில இதைவிட நல்லதா ஒண்ணு வந்திருக்காமே அண்ணாச்சி? கல்லை அப்படியே கழட்டிக் கழுவலாமாம்."

தவசிலிங்கத்துக்குப் பொறுமை போனது. குரு என்பதும் மறந்தது.

"டீச்சர், எதுல போட்டாலும் மாவு அரையும். எதை எடுத்துட்டுப் போனாலும் நாளைக்கு இட்லி வரும். முதல்ல ஒண்ணு சொல்லுங்க. வீட்டுல அரிசி ஊறப் போட்டிருக்கீங்களா?"

"இல்லையே."

"அரிசியே ஊறப் போடாம எதுக்கு இத்தனை..."

பாதியில் நின்றுவிட்டார். கையில் கிரைண்டர் கல். அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

சொர்ணவல்லி டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். டம்ளரை மேஜைமேல் வைத்தார்.

"யோசிச்சுட்டு வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு கிரைண்டர் பார்க்க வரவில்லை.

அந்த வாரம் தவசிலிங்கம் போனைத் தொடவில்லை. க வந்தது. ம கூட எட்டிப்பார்த்தது. மேகலா சமையலறையில் நின்று, "அம்மா, இது அப்பாவா?" என்று கேட்டாள்.

ஆனால் ஆசை லேசில் விடுமா? அடுத்த வாரம் ஜப்பானில் புது மாடல் ஒன்று வந்தது. வாட்ஸ்அப் குழு கொந்தளித்தது. தவசிலிங்கத்துக்குத் தூக்கம் கெட்டது. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். டீச்சரை மதுரைக்கு அழைத்துப்போய், பெரிய வாத்தியக் கடையில் எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லி, தன் காதால் கேட்டு முடிவெடுப்பது.

சொர்ணவல்லி மறுக்காமல் வந்தார். கார் ஏறியதும் தூங்கிவிட்டார். மதுரையில்தான் கண் விழித்தார்.

கடையில் ஜப்பான், பிரான்ஸ், தைவான் மூன்றையும் வெல்வெட் துணிமேல் வைத்தார்கள். தவசிலிங்கம் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். எது என்று தெரியக்கூடாதாம். போதாதென்று கைக்குட்டையால் கண்ணையும் கட்டிக்கொண்டார்.

"வாசிங்க டீச்சர்."

சொர்ணவல்லி கல்யாணி வாசித்தார். ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். பிறகு அடுத்ததை. கடையில் கிடார் பார்க்க வந்தவர்கள், கீபோர்டு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். வாசிப்பு முடிந்து வெகுநேரம் ஆகியும் தவசிலிங்கம் திரும்பவில்லை. கைக்குட்டை நனைந்திருந்தது.

"எது வேணும் அண்ணாச்சி?" என்றார் சொர்ணவல்லி.

"பாக்க மறந்துட்டேன் டீச்சர்."

"எதை?"

"வித்தியாசத்தை."

கடை ஆட்கள் சிரித்தார்கள். தவசிலிங்கத்துக்கு ரோஷம் வந்தது. கைக்குட்டையை அவிழ்த்தார். மற்றவர் வாசித்துக் கேட்டால் எப்படித் தெரியும், தானே ஊதினால்தான் தெரியும் என்றார். முதலில் ஜப்பானை எடுத்து ஊதினார். கிடார் பார்த்தவர்கள் கிடாருக்குத் திரும்பினார்கள். பிரான்ஸை எடுத்து ஊதினார். கீபோர்டுகாரர்களும் போய்விட்டார்கள். தைவான் முறை வந்தபோது கேட்பதற்கு டீச்சர் மட்டும் இருந்தார்.

தவசிலிங்கம் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வாடிப்போயிருந்தது.

"மூணும் ஒண்ணுபோல இருக்கே டீச்சர். இந்தக் கடை ஏசியில ஏதாவது..."

"மூணுலயும் நீங்க இருக்கீங்க."

தவசிலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். சாக்ஸபோனை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, கடைசியாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

"அப்போ எல்லாத்தையும்விட நல்ல சத்தம் வர்ற சாக்ஸபோன் எதுதான் டீச்சர்?"

"நீங்க இன்னும் வாங்காதது."

திரும்பி வரும்போதும் சொர்ணவல்லி தூங்கினார். தவசிலிங்கம் தூங்கவில்லை.

அதன் பிறகு அவர் வகுப்புக்குப் போகவில்லை. கடையில் வேலை அதிகம் என்று சொன்னார். தீபாவளிக் காலம், அதனால் எல்லோரும் நம்பினார்கள். ராஜகனி மட்டும் நம்பவில்லை. சாக்ஸபோன் பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டதை அவள் பார்த்திருந்தாள்.

உள்ளுக்குள் அவருக்கு வலித்தது. டீச்சர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். வாங்காத வரைக்கும் அவர் மனசில் ஒரு தவசிலிங்கம் மேடையில் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். கோட்டு போட்டிருந்தார். ஒரு தடவைகூடத் தப்பு விட்டதில்லை. வாங்கிவிட்டால் அந்த ஆள் மேடையை விட்டு இறங்கவேண்டும். இறங்கினால் ஏறப்போவது யார் என்பது மதுரையில் அவர் காதாலேயே கேட்டாயிற்று.

கார்த்திகையில் மேகலா பத்திரிகை வைக்கப் புடவை கட்டிக்கொண்டு புறப்பட்டவள், அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் அவர்கிட்ட சொல்லிடட்டுமா?"

"என்னன்னு?"

"அப்பாவுக்கு வாசிக்க வராதுன்னு. இதுல என்னப்பா இருக்கு? நாலு நாள் சிரிப்பாங்க. அப்புறம் மறந்துருவாங்க. நீங்க ரிசப்ஷன்ல நிம்மதியா நில்லுங்க, அது போதும்."

மகள் பேச்சில் கேலி இல்லை. அதுதான் தவசிலிங்கத்தைத் தைத்தது. கேலி இருந்திருந்தால் சமாளித்திருப்பார்.

"சொல்லாதே" என்றார்.

அன்று சாயங்காலம் மருந்துக்கடை மாடிப்படி ஏறினார். சொர்ணவல்லி ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்கவில்லை. ஜமுக்காளத்தின் ஓரத்தைக் காட்டினார். தவசிலிங்கம் உட்கார்ந்தார்.

"கல்யாணத்துல என்ன வாசிக்கப் போறீங்க?"

தவசிலிங்கம் விழித்தார். ஆனியிலிருந்து கார்த்திகை வரைக்கும் அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை.

"சாக்ஸபோன் வாங்கின பெறகு பாத்துக்கலாம்னு..."

சொர்ணவல்லி காத்திருந்தார்.

"தெரியலையே டீச்சர்."

"தெரிஞ்சதும் வாங்க."

வீட்டுக்கு வந்து ராஜகனியிடம் கேட்டார். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இதுக்குப் போயி யோசிக்கணுமா? கடை அடச்சுட்டு வண்டியில வரும்போது ஒரு விசில் அடிப்பீகளே. தெருமுனையில கேக்கும். மேகலா பாவாடையைத் தூக்கிப் பிடிச்சுட்டு கேட்டைத் திறக்க ஓடுவா. கொண்டி எட்டாது. எக்கி எக்கிக் குதிப்பா."

"அது பாட்டா? அது சும்மா."

"நான் கண்டேனா? எனக்குத் தெரிஞ்சு உங்க வாயில வந்த ஒரே பாட்டு அதுதான்."

தவசிலிங்கம் வாசலுக்குப் போய் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, விசிலடித்துப் பார்த்தார். மேகலா பள்ளிக்கூடம் முடித்து வெளியூர் படிக்கப் போனபோது நின்றுபோன விசில். உதடு மறக்கவில்லை. எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் டீச்சர் முன்னால் உட்கார்ந்து அதை விசிலடித்துக் காட்டினார். வெட்கத்தில் காது சிவந்துவிட்டது.

சொர்ணவல்லி அவர் கேட்காமலே பாராட்டினார்.

"அழகா இருக்கு அண்ணாச்சி. யாரோடது?"

"என்னோடதுதான். வண்டியில வரும்போது."

"எடுங்க சாக்ஸை."

மார்கழி முழுக்க அதையேதான் ஊதினார். குளிரில் விரல் விறைத்தது. உதட்டின் உள்பக்கம் பல் பதிந்து புண்ணானது. அது ஆறி, மறுபடி புண்ணாகி, பிறகு காய்ப்புக் காய்த்தது. வாட்ஸ்அப் குழுவில் பிரான்ஸ்காரனும் ஜப்பான்காரனும் எதுவரை போனார்கள் என்று அவருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, ஒன்றும் கேட்காமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

தை பிறந்தது. கல்யாணம் சிவகாசியில். முகூர்த்தம் காலையில் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் ரிசப்ஷன். தனுஷ்கோடி சரிகைக் கோட்டு போட்டுக்கொண்டு பாட ஆரம்பித்தார். குரல் சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது. ஒன்று முடிந்ததும் இன்னொன்று. கூட்டம் கைதட்டியது. பிறகு அவர் மைக்கை உயர்த்திப் பிடித்தார்.

"இப்போ என் சம்பந்தி! கோவில்பட்டி தந்த சாக்ஸபோன் சக்கரவர்த்தி!"

தவசிலிங்கம் மேடையேறினார். பட்டு வேட்டி, தோளில் வார், வாரில் விளிம்பு நசுங்கிய சாக்ஸபோன். மாப்பிள்ளை எழுந்து நின்று கும்பிட்டான். மேகலா கும்பிடவில்லை. அவள் கைகள் மடியில் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன.

மண்டபம் அமைதியானது. தவசிலிங்கம் மூச்சை இழுத்து ஊதினார்.

மழைக்கு முன்னால் மயில் அகவுமே, அந்தச் சத்தம். ஒலிபெருக்கி அதை மண்டபத்தின் மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரு குழந்தை வீறிட்டது. பின்வரிசையில் யாரோ சிரிக்க, சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. ராஜகனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தவசிலிங்கம் கூட்டத்தில் டீச்சரைத் தேடினார். சொர்ணவல்லி மூன்றாவது வரிசையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையசைக்கவில்லை. தலையாட்டவில்லை. மயில் சத்தத்தைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. அடுத்த சத்தம் என்ன என்று கேட்பவர்போல இருந்தார்.

தவசிலிங்கம் கண்ணை மூடினார். கடையைப் பூட்டினார். வண்டியை உதைத்தார். மெயின் ரோடு தாண்டித் தெருமுனை வந்ததும் ஊதினார்.

முதல் அடி முடியும்போது சிரிப்பு நின்றிருந்தது. இரண்டாவது அடியில் மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தபோது, பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. மேகலா பட்டுப்புடவையைக் கொத்தாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் மாலையை ஒதுக்கியபடி, அத்தனை பேர் முன்னாலும் அப்பாவிடம் ஓடிவந்து நின்றாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

தவசிலிங்கத்துக்கு இது ஒன்றுதான் தெரியும். அதனால் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தார். மேளக்காரர் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். மறுபடியும் வாசித்தார். நடுவில் ஒரு சுரம் நழுவியது. யாரும் கண்டுகொள்ளவில்லை. தவசிலிங்கம் கண்டுகொண்டார், ஆனால் நிற்கவில்லை.

இறங்கியதும் தனுஷ்கோடி ஓடிவந்து கட்டிக்கொண்டார். பக்கத்தில் மேளம் இன்னும் ஓயவில்லை. காதோடு வாய் வைத்துக் கத்தினார்.

"பிரமாதம் சம்பந்தி! இது என்ன கம்பெனி?"

ஜப்பான், பிரான்ஸ், தைவான் எல்லாம் ஒரே நேரத்தில் தவசிலிங்கத்தின் நாக்குநுனிக்கு வந்தன. கையிலிருந்ததைப் பார்த்தார். இத்தனை மாதம் தோளில் சுமந்தும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை.

"இரவல்" என்றார்.

"ஏர்வெல்லா? ஜெர்மன்காரனா?"

மேளம் உச்சத்துக்குப் போனது. தவசிலிங்கம் தலையை ஆட்டி வைத்தார். தனுஷ்கோடி உடனே போனை எடுத்து அந்தப் பெயரைத் தேட ஆரம்பித்தார்.

பந்தியில் சொர்ணவல்லிக்குப் பக்கத்து இலை காலியாக இருந்தது. தவசிலிங்கம் போய் உட்கார்ந்தார். டீச்சர் பரோட்டாவைப் பிய்த்துக் குருமாவில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

ஏதாவது சொல்வார் என்று தவசிலிங்கம் காத்திருந்தார். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். பரிமாறுகிறவர் வந்து போனார். மனசு நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் ஓரத்தில் அந்த மயில் மட்டும் அகவிக்கொண்டே இருந்தது.

"டீச்சர், முதல்ல ஒரு சத்தம் வந்துச்சே."

"ம்."

"நல்ல கம்பெனி சாக்ஸபோனா இருந்திருந்தா அது வந்திருக்காதுல்ல?"

சொர்ணவல்லி வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"வந்திருக்கும் அண்ணாச்சி. இன்னும் சுத்தமாக் கேட்டிருக்கும்."